கிளைக்கு முதலில் வயது குறிக்க: பால்டோ-ஸ்லாவியப் புனைமொழி படைப்போர்க்கு ஒரு திறந்த மடல்



பேசிவந்த சமூகம் எதுவும் இன்றி, ஒருவரோ சிலரோ திட்டமிட்டு ஆக்கும் மொழியைப் புனைமொழி எனலாம். அவற்றுள் வேர்ச்சொல்லிலிருந்தே புதிதாகப் படைக்கப்படுபவை ஒரு வகை. உண்மையான மொழிக்குடும்பம் ஒன்றில் இன்னொரு கிளையும் வளர்ந்திருந்தால் அது எவ்வாறு இருந்திருக்கும் என்று கணித்து எழுதப்படுபவை மற்றொரு வகை. இம்மடல் இரண்டாம் வகையினரை, அவர்களுள்ளும் பால்டோ-ஸ்லாவியத்தைத் தேர்ந்துகொண்டோரை நோக்கியது. அவர்களுடைய முயற்சியை வீண்வேலை என்று தள்ளிவிட முடியாது. ஒப்பீட்டு மொழியியலின் முன்னோடிகளுள் ஒருவரான ஆகஸ்ட் ஷ்லைஷரே 1868இல், தாம் மீட்டுருவாக்கிய மூல இந்தோ-ஐரோப்பிய மொழியில் ஆட்டையும் குதிரைகளையும் பாத்திரங்களாக வைத்து ஒரு நீதிக்கதை எழுதிப் பார்த்தவர். இம்மடல் வற்புறுத்துவது இதுதான்: கற்பனைக் கிளை எக்காலத்தில், எந்நிலத்தில் பிரிந்தது என்பதை முதலில் முடிவுசெய்துகொண்டு, ஒலி முதல் எழுத்து வரை அனைத்தையும் அம்முடிவுக்குக் கட்டுப்படுத்த வேண்டும், புனைந்தது எது, சான்றுள்ளது எது என்பதும் படிப்போர்க்கு ஐயமின்றித் தெரிய வேண்டும்.

இன்று பேசப்படும் பால்டிய மொழிகளான லிதுவேனியமும் லாத்வியமும் கிழக்குப் பிரிவைச் சேர்ந்தவை; மேற்குப் பிரிவின் முதன்மைச் சான்றான பழம்பிரசியம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கொழிந்தது. ருஷ்யம், போலிஷ், செக், செர்பியம், பல்கேரியம் முதலியவை ஸ்லாவியத்தைச் சேர்ந்தவை. இவ்விரு தொகுதிகளும் ஒரு பொது மூலத்திலிருந்து பிரிந்தவை என்று ஷ்லைஷர் கருத, பிரெஞ்சு அறிஞர் அந்துவான் மெய்யே 1908இல் அதை மறுத்து, இரண்டும் ஒத்த திசையில் தனித்தனியே வளர்ந்தவை என்றார். 1958இல் மாஸ்கோவில் கூடிய ஸ்லாவிய ஆய்வாளர் மாநாட்டில் இவானோவும் தொபொரோவும், ஸ்லாவியத்தின் அமைப்பையே பால்டிய அமைப்பிலிருந்து தோன்றியதாகக் காட்ட முடியும் என்று வாதிட்டனர். பொது மூலம் ஒன்று இருந்தது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. ஆயினும் ‘மூல பால்டியம்’ என்ற இடைநிலை உண்டா, அல்லது கிழக்குப் பால்டியம், மேற்குப் பால்டியம், ஸ்லாவியம் என மூன்றும் நேரடியாகவே பிரிந்தனவா என்பதில் கருத்து வேறுபாடு தொடர்கிறது. புதிய கிளை ஒன்றைக் கற்பிப்போர் இந்த விவாதத்தைக் கடந்துபோக இயலாது. அக்கிளை மூன்றாவதா நான்காவதா என்று சொல்லும் கணத்திலேயே அவர்கள் ஒரு தரப்பில் நின்றுவிடுகின்றனர்.

ஏற்கெனவே நடந்துள்ள முயற்சிகளிலிருந்து இப்பணி எவ்வாறு வேறுபடுகிறது என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. குரோஷியப் பாதிரியார் யுராய் கிரிழானிச், சைபீரியாவின் தொபோல்ஸ்க் நகரில் நாடுகடத்தப்பட்டிருந்த காலத்தில், 1666இல் ஸ்லாவியர் அனைவர்க்கும் பொதுவான மொழியொன்றுக்கு இலக்கணம் எழுதி முடித்தார். அதே நோக்கத்தோடு 2006 முதல் உருவாகிவந்த ‘இடை ஸ்லாவியம்’ என்ற மொழி, 2019இல் வெளியான ‘வண்ணம் தீட்டிய பறவை’ என்னும் செக் திரைப்படத்தில் பாத்திரங்களின் பேச்சாகவே ஒலித்தது. இவை இன்றைய மொழிகளுக்குப் பொதுவான சொற்களைத் திரட்டி, பலருக்கும் புரியும் வடிவத்தைத் தேர்பவை; புரிதலே இவற்றின் அளவுகோல் ஆதலால் அம்முறை அவற்றுக்குப் பொருந்தும். இன்னொரு புறம், 1996இல் தோன்றிய ‘பிரிதெனிக்’, இலத்தீனை வேல்சு மொழியின் ஒலிமாற்றங்களுக்கு உட்படுத்தியது. 2002இல் தோன்றிய ‘வெனெதிக்’ இலத்தீனைப் போலிஷ் மொழியின் ஒலிமாற்றங்களுக்கு உட்படுத்தியது. இவற்றுக்கு மூலமும் தெரியும், பின்பற்ற வேண்டிய மாற்றங்களும் தெரியும். பால்டோ-ஸ்லாவியக் கற்பனைக் கிளைக்கோ மூலமே மீட்டுருவாக்கமாக இருக்க, அதன் தனி மாற்றங்களைப் படைப்பவரே வகுக்க வேண்டியுள்ளது. லிதுவேனியத்திலிருந்து பாதியும் ருஷ்யத்திலிருந்து பாதியும் எடுத்து நடுவில் ஒரு வடிவத்தை நிறுத்தினால் கிடைப்பது கலவையே. இரு மொழிகளின் இன்றைய வடிவங்களுக்கு இடையில் எந்தக் காலத்திலும் எந்த மொழியும் நின்றதில்லை.

ஒலிவிதி என்பது, குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட சூழலில் ஓர் ஒலி விலக்கின்றி வேறொன்றாக மாறுவதைக் கூறும் வாய்பாடு. விதிகள் எவை என்பதைப் போலவே அவை எந்த வரிசையில் செயல்பட்டன என்பதும் முக்கியமானது. ‘நான்கு’ என்பதற்கு லிதுவேனியத்தில் ‘கெதுரி’, ருஷ்யத்தில் ‘ச்செதீரெ’. ‘விலை’ என்பதற்கு லிதுவேனியத்தில் ‘கைனா’, ருஷ்யத்தில் ‘த்ஸெனா’. லிதுவேனியம் இரண்டிலும் ககரத்தைக் காக்க, ஸ்லாவியம் அதே ககரத்தை ஓரிடத்தில் ‘ச்ச’ என்றும் மற்றோரிடத்தில் ‘த்ஸ’ என்றும் மாற்றியிருக்கிறது. இகர எகரங்களுக்கு முன் ககரம் நாவின் நடுப்பகுதிக்கு நகர்ந்து மாறுவது அண்ண ஒலியாதல் எனப்படும். கன்னடத்தில் ‘கிவி’ எனக் ககரத்தோடே நிற்கும் சொல் தமிழில் ‘செவி’ ஆகியிருப்பதும் இவ்வகை மாற்றமே. ஸ்லாவியத்தில் இது ஒருமுறைக்கு மேல் நிகழ்ந்தது. முதல் முறை நிகழ்ந்தபோது ‘விலை’ என்ற சொல் ஐகார இணையுயிருடனேயே வழங்கியதால், அதன் ககரம் தப்பித்தது. பின்னர் அந்த ஐகாரம் ஒற்றை உயிராகச் சுருங்கி எகரத்தை ஒத்த ஒலியாக மாறிய பிறகு, இரண்டாம் முறை வந்த மாற்றம் அதைத் ‘த்ஸ’ ஆக்கியது. ஐகாரச் சுருக்கம் முன்னரே நிகழ்ந்திருந்தால் இரு சொற்களிலும் ஒரே ஒலியே தோன்றியிருக்கும். ஆகவே, விதிகளின் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு வரிசையை வகுக்காத புனைமொழியில், படைப்பவரின் விருப்பம் ஒவ்வொரு சொல்லிலும் புதிய விதியாகிவிடும்.

இரண்டாம் மாற்றம் ஸ்லாவியம் முழுவதையும் தொட்டதா என்ற கேள்வியும் உண்டு. ஸ்லாவியத்திற்குக் கிழக்கு, மேற்கு, தெற்கு என மூன்று பிரிவுகளே வழங்குவதால், இல்லாத ‘வட ஸ்லாவிய’த்தைக் கற்பனையால் நிரப்புவது புனைமொழியாளரிடையே நெடுங்கால வழக்கமாக உள்ளது. ஆனால் ருஷ்யாவின் வடமேற்கில் உள்ள நோவ்கொரோத் நகரின் மண்ணிலிருந்து 1951 முதல் தோண்டியெடுக்கப்பட்டுவரும் பூர்ச்ச மரப்பட்டைக் கடிதங்கள், ஆயிரத்தைத் தாண்டிய எண்ணிக்கையில், அந்நகரத்தார் கடன் கேட்டும் கணக்கு எழுதியும் வழங்கிய பேச்சுமொழியைக் காட்டுகின்றன. ‘முழுமையான’ என்று பொருள்படும் ருஷ்யச் சொல் ‘த்ஸேல்-’ என்று தொடங்க, இக்கடிதங்களில் அது ‘கேல்-’ என்றே காணப்படுகிறது. அதே வேர் பழம்பிரசியத்தில் ‘கைல்-’ என்ற வடிவில் உடல்நலத்தைக் குறித்தது. பழைய நோவ்கொரோத் வழக்கில் வேரின் முதலில் நின்ற ககரத்தை இரண்டாம் மாற்றம் தொடவில்லை என்பதை மொழியியலாளர் ஆந்திரேய் சலிஸ்னியாக் நிறுவி, 1995இல் அவ்வழக்கைப் பற்றிய விரிவான நூலை வெளியிட்டார். வடக்கில் ஒரு கிளையைத் தேடுவோர்க்குக் கற்பனைக்கு முன்னதாகவே மண்ணடியில் ஒரு சான்று காத்திருந்தது என்பதையும், ஒரே ஒரு விதி செயல்படாமல் போனாலே ஒரு வழக்கின் முகம் எவ்வளவு மாறிவிடும் என்பதையும் இது உணர்த்துகிறது.

பிரிவுக்குப் பிந்தைய மாற்றங்களில் படைப்பவருக்கு உரிமை உண்டு. பிரிவுக்கு முந்தையவற்றில் இல்லை. பொதுக்காலத்தைச் சேர்ந்தது என்று கருதப்படும் விதிகளுள் ஒன்று, 1970களில் மொழியியலாளர் வெர்னர் விண்டர் முன்வைத்தது. மூல இந்தோ-ஐரோப்பியத்தில் மூச்சொலி கலவாத மெலிந்த தகரம் போன்ற மெய்களுக்கு முன் நின்ற குறில் பால்டோ-ஸ்லாவியத்தில் நெடிலாயிற்று. மூச்சொலி கலந்த மெய்களுக்கு முன் நீளவில்லை என்பது அதன் சாரம். ‘உட்கார்’ என்ற பொருளுடைய வேர் இலத்தீனில் குறிலோடு வழங்க, லிதுவேனியத்தில் ‘சேதேதி’ என நெடில் பெற்றது. வடமொழியில் ‘மது’ என மூச்சொலியோடு வழங்கும் சொல்லுக்கு உறவான ‘மெதுஸ்’ (தேன்) குறிலோடே நின்றது. பின்னர் அவ்விரு வகை மெய்களும் ஒன்றாகிவிட்டதால், பழைய வேறுபாட்டின் தடம் உயிரின் நீளத்தில் மட்டுமே எஞ்சியுள்ளது. புதிய கிளையில் இந்த நெடில் இல்லையெனில் அது பால்டோ-ஸ்லாவியத்திலிருந்து பிரிந்ததாகாது. இந்தோ-ஐரோப்பியத்திலிருந்து தனியே கிளைத்ததாகவே கொள்ள நேரும்.

புனைமொழிகளில் பெரும்பாலும் கைவிடப்படுவது சொல்லழுத்தம், அதாவது சொல்லின் எந்த அசை எடுத்து ஒலிக்கப்படுகிறது என்னும் கூறு. ‘தலை’ என்பது லிதுவேனியத்தில் ‘கல்வா’, ருஷ்யத்தில் ‘கொலொவா’. எழுவாயில் இரண்டிலும் கடைசி அசையில் நிற்கும் அழுத்தம், இரண்டாம் வேற்றுமையில் முதல் அசைக்குத் தாவுகிறது. ‘காகம்’ என்பது லிதுவேனியத்தில் ‘வார்னா’, ருஷ்யத்தில் ‘வொரோனா’. இவ்விரு வடிவங்களிலும் அழுத்தம் வேரிலேயே நிலைத்து நிற்கிறது. லாத்வியத்தில் அழுத்தம் பொதுவாக முதல் அசையிலேயே இருந்தும், பழைய வேறுபாடு மறையவில்லை: தொனிகளைக் காக்கும் வழக்குகளில் ‘தலை’யின் முதல் அசை இடையில் குரல் அறுபட்டு ஒலிக்க, ‘காக’த்தின் முதல் அசை சமமாக நீள்கிறது. மூன்று மொழிகள் ஒரே வேறுபாட்டை வெவ்வேறு வழிகளில் காத்துவந்திருக்கும்போது, நான்காவதான ஒன்று அதை எங்கே வைத்திருக்கிறது அல்லது எப்படி இழந்தது என்பதற்கு விடை வேண்டும். அழுத்தத்தை ஈற்றயலசையில் நிலைநிறுத்திய போலிஷ் மொழியைப் போல அதை இழந்துவிட்டதாகவும் சொல்லலாம்; ஆனால் இழப்பும் காலம் குறிக்கப்பட்ட ஒரு விதியாகவே வர வேண்டும்.

சொல்லிலக்கணத்தில் கிளையின் உறவைக் காட்டும் சில இடங்கள் உண்டு. முதலாவது, ஒன்பது என்னும் எண். ‘நவ’ என்ற வடமொழிச் சொல்லில் நிற்கும் நகரம் லிதுவேனியத்தின் ‘தெவீனி’யிலும் ருஷ்யத்தின் ‘தேவ்யத்’திலும் தகரமாகியிருக்க, பழம்பிரசியத்தில் ‘ஒன்பதாவது’ என்பது ‘நெவீன்த்ஸ்’ என நகரத்தோடே பதிவாகியுள்ளது. இரண்டாவது, அகர ஈற்று ஆண்பால் பெயர்களின் ஆறாம் வேற்றுமை. லிதுவேனியமும் லாத்வியமும் ஸ்லாவியமும் இந்தோ-ஐரோப்பியத்தின் ஐந்தாம் வேற்றுமை உருபை இதற்குப் பயன்படுத்த, பழம்பிரசியம் ‘தெய்வாஸ்’ (கடவுளின்) என வேறொரு ஈற்றைக் கொண்டுள்ளது. மூன்றாவது, குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டும் பெயரடை. ‘நல்ல’ என்னும் பொருளுடைய ‘கெராஸ்’ என்பதோடு சுட்டுப்பெயர் ஒட்டி ‘கெராஸிஸ்’ ஆகி, ‘அந்த நல்ல’ என்ற பொருளைத் தருவது லிதுவேனிய வழக்கு. அதே அமைப்பு லாத்வியத்திலும் பழைய ஸ்லாவியத்திலும் உண்டு. இன்றைய ருஷ்யத்தில் நீண்ட வடிவம் மிஞ்சியும் அந்தப் பொருள் வேறுபாடு தேய்ந்துவிட்டது. புதிய கிளை இவை ஒவ்வொன்றிலும் எப்பக்கம் நிற்கிறது என்பதே அதன் உறவுமுறையை நிர்ணயிக்கும். அகராதி எவ்வளவு பெரிதானாலும் அந்தப் பணியைச் செய்ய முடியாது.

காலத்துக்கு அடுத்தபடியாக நிலம். தொபொரோவும் த்ருபச்சோவும் 1962இல் வெளியிட்ட ஆய்வு, மேல் நீப்பர் ஆற்றுப்படுகையின் ஆற்றுப் பெயர்களில் பல பால்டிய மூலமுடையவை என்று காட்டியது. இன்று ஸ்லாவிய மொழி மட்டுமே கேட்கும் பரந்த நிலத்தில் ஒரு காலத்தில் பால்டிய மொழி பேசுவோர் வாழ்ந்தனர் என்பது இதன் பொருள். ருஷ்ய நாளாகமங்கள் 1058இலும் 1147இலும் ‘கோலியாத்’ என்ற மக்களைக் குறிப்பிடுகின்றன. இரண்டாம் குறிப்பு அவர்களை மாஸ்கோவுக்குத் தென்மேற்கே ஓடும் புரோத்வா ஆற்றங்கரையில் வைக்கிறது. அவர்களுடைய மொழியில் ஒரு வாக்கியம்கூட எஞ்சவில்லை. கற்பனைக் கிளைக்கு இடம் தேடுவோர்க்கு இதைவிடப் பொருத்தமான நிலம் கிடைப்பது அரிது. ஆனால் அந்நிலத்தைத் தேர்ந்தவுடன் அண்டை மொழிகளும் உடன் வந்துவிடும். அங்கே கிறித்தவச் சொற்கள் ருஷ்யத்தின் வழியாகவே வந்திருக்க வேண்டும். லாத்வியர் இலத்தீன் திருச்சபையைச் சேர்ந்தோராகியும், ‘கோவில்’ என்பதற்கான ‘பஸ்நீத்ஸா’வையும் ‘நூல்’ என்பதற்கான ‘கிராமதா’வையும் பழைய கிழக்கு ஸ்லாவியத்திலிருந்தே பெற்றது, சொற்கள் சமயப் பிரிவைவிட வணிகப் பாதையையும் அண்டைவீட்டையும் பின்பற்றுவதைக் காட்டுகிறது. கடன் எதிர்த்திசையிலும் செல்லும்: பின்னிய மொழியில் ‘பாலம்’ என்பதற்கான ‘சில்தா’ பால்டியத்திலிருந்து வந்தது, லிதுவேனியத்தில் அது ‘தில்தாஸ்’.

எழுத்துமுறையும் அழகு கருதித் தேர்வதற்குரியதாக இருப்பதில்லை. ருஷ்யப் பேரரசு 1864 முதல் 1904 வரை லிதுவேனிய நூல்களை இலத்தீன் எழுத்தில் அச்சிடுவதைத் தடைசெய்து சிரிலிக் எழுத்தைத் திணித்தபோது, மக்கள் அதை ஏற்காமல், பிரசிய எல்லைக்கு அப்பால் அச்சான நூல்களை முதுகில் சுமந்து கடத்திவந்தனர். புரோத்வாக் கரையின் மொழி ஒன்று எழுதப்பட்டிருந்தால் சிரிலிக்கே அதன் எழுத்தாக இருந்திருக்கும். பால்டிக் கடலோரத்தின் மொழியாயின், பிரசியத்துக்கு நேர்ந்ததுபோல் ஜெர்மானியப் பாதிரியாரின் காதில் விழுந்தபடி, ஒரே ஒலிக்குப் பல எழுத்துக்கூட்டுகளோடு பதிவாகியிருக்கும். குறையற்ற ஒலியெழுத்து முறையோடு தோன்றும் புனைமொழி, தனக்கு வரலாறு இல்லை என்பதைத் தானே அறிவிக்கிறது.

எல்லாவற்றிலும் கூடுதல் கவனம் வேண்டுவது நேர்மை. பழம்பிரசியத்துக்குக் கிடைத்துள்ள சான்றுகள் மிகக் குறைவு: 1400ஐ ஒட்டிப் படியெடுக்கப்பட்ட 802 சொற்களின் எல்பிங் சொற்பட்டியல், நாளாகம ஆசிரியர் சீமோன் குருனாவ் திரட்டிய ஏறத்தாழ நூறு சொற்கள், 1545இல் அச்சான இரண்டும் 1561இல் அச்சான ஒன்றுமாக மூன்று மறைக்கல்வி நூல்கள், இவற்றோடு சில சிறு துணுக்குகள். 1709 முதல் 1711 வரை பரவிய கொள்ளைநோய் எஞ்சியிருந்த பேச்சாளர்களையும் கொண்டுபோனது. இன்று அம்மொழிக்கு மீண்டும் உயிரூட்ட முனைவோர் இச்சான்றுகளை அடிப்படையாகக் கொண்டு இல்லாத சொற்களை ஆக்கிக்கொள்கின்றனர். ‘குட்டி இளவரசன்’ என்ற பிரெஞ்சுக் கதை 2015இல் அவ்வாறு புதுக்கப்பட்ட பிரசியத்தில் வெளிவந்தது. அது போற்றத்தக்க உழைப்பே. ஆயினும் புதுச்சொல் எது, பழஞ்சொல் எது என்று பிரித்துக் காட்டாத பட்டியல் ஒன்று ஆய்வாளர் கைக்குப் போனால், எஞ்சிய சிறு சான்றும் ஐயத்துக்கு உள்ளாகும். இதற்கு எச்சரிக்கையாக ஓர் உண்மை நிகழ்வு உள்ளது. மறைந்துபோன பால்டிய மொழியான யோத்விங்கியத்தைச் சேர்ந்தது என்று கருதப்படும் இருநூற்றுச் சொச்சம் சொற்களின் கையெழுத்துப் பட்டியல் 1970களின் இறுதியில் பெலாரூஸ் பகுதியில் கிடைத்தது. மூல ஏடு அழிந்துபோக, பெயர்த்தெழுதிய படி மட்டுமே மிஞ்சியது. அது உண்மையான யோத்விங்கியமா, வேறொரு வழக்கின் பதிவா, பின்னாளைய புனைவா என்ற விவாதம் முடிந்தபாடில்லை. இருநூறு சொற்களே ஓர் ஆய்வுத்துறையை இவ்வளவு காலம் தடுமாற வைக்குமாயின், குறியிடப்படாத ஈராயிரம் புனைசொற்கள் என்ன செய்யும் என்பதைப் படைப்போர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சான்றில்லாமல் மீட்டுருவாக்கப்பட்ட வடிவங்களுக்கு முன் உடுக்குறி இடும் வழக்கத்தைப் பரப்பியவரும் ஷ்லைஷரே. படைப்போர் அவ்வழக்கத்தை இன்னொரு படி நீட்டலாம். சான்றுள்ள சொல்லுக்குக் குறி வேண்டா. மீட்டுருவாக்கத்துக்கு ஓர் உடுக்குறி இடுக. தாம் புனைந்ததற்கு இரண்டு இடுக. நூலின் முதற்பக்கத்தில் கிளை பிரிந்த நூற்றாண்டையும் அது வழங்கிய ஆற்றுப்படுகையையும் எழுதுக. இரண்டாம் பக்கத்தில் ஒலிவிதிகளை நிகழ்ந்த வரிசையில் எண்ணிட்டுத் தருக. ஐந்து சொற்களையேனும் மூல வடிவத்திலிருந்து இன்றைய வடிவம் வரை, ஒவ்வொரு விதியாக நடத்திக் காட்டுக. விதிக்கு அடங்காத சொல் வருமாயின் அதைத் திருத்தி மறைக்காமல், எந்த மொழியிலிருந்து கடனாக வந்தது, எதன் ஒப்புமையால் மாறியது என்று விளக்குக. இவை அமைந்த புனைமொழியை வகுப்பறையில் ஒப்பீட்டு மொழியியலுக்குப் பயிற்சி நூலாகவே வைக்கலாம். இவை இல்லாதது, எத்தனை ஆயிரம் சொற்களைக் கொண்டிருந்தாலும், லிதுவேனிய அகராதியும் ருஷ்ய அகராதியும் கலந்த பட்டியல் என்ற மதிப்புக்கு மேல் பெறாது.